எலும்பைக் காத்த ஏரிகள், கரைத்துவிட்ட சதுப்புகள்

திருவனந்தபுரம்: ஆடி அமாவாசையன்று முன்னோருக்குப் பலிதர்ப்பணம் செய்யப் பல்லாயிரம் பேர் கூடும் இடம், திருவனந்தபுரம் மாவட்டத்தின் வர்க்கலா பாபநாசம் கடற்கரை. அங்கே செங்குத்தாக உயர்ந்து நிற்கும் செம்பாறை வெறும் மண்மேடு அல்ல. மயோசீன் காலத்தில் படிந்த மணல், களிமண் அடுக்குகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. அவற்றின் நடுவே நெய்வேலியில் வெட்டியெடுக்கப்படுவது போன்ற பழுப்பு நிலக்கரியும் காணப்படுகிறது. ஒரு காலத்தில் இங்கு சதுப்புநிலக் காடு இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

கரியாகிப் போன மரத்துண்டுகளையும் மகரந்தத் துகள்களையும் பாதுகாத்துத் தந்துள்ள இந்த நிலக்கரி அடுக்குகள், விலங்குகளின் எலும்புகளுக்குப் பெயர் பெற்றவை அல்ல. இதற்கான காரணம் நீரின் தன்மையில் உள்ளது.

மண்ணின் புளிப்பு: எலும்பின் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட் என்னும் தாதுப்பொருள். இலைதழை மக்கும் சதுப்பில் நீர் அமிலத் தன்மை அடைகிறது. அந்த அமிலம் எலும்பைக் கரைத்துவிடும். ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் உள்ள குட்டநாட்டுக் கரிநிலங்கள் இதற்கு இன்றைய உதாரணம். கரிந்த மரத்தண்டுகள் புதைந்து கிடக்கும் அந்த வயல்களின் மண் மிகக் கடுமையான புளிப்புத் தன்மை கொண்டது. மழை மிகுந்த கேரளத்தின் செம்புறைமண்ணும் எலும்புக்கு உகந்தது அல்ல.

சுண்ணாம்புச் சத்து மிகுந்த அமைதியான ஏரியில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. கரையோரம் இறந்து விழும் விலங்கை நுண்ணிய வண்டல் விரைவாக மூடிவிடுகிறது. ஆழச் சேற்றில் பிராணவாயு குறைவு என்பதால் அழுகல் மெதுவாகவே நடக்கிறது. பிணந்தின்னிகளும் நெருங்க முடிவதில்லை. பின்னர் நிலத்தடி நீரில் கரைந்துள்ள தாதுக்கள் எலும்பின் நுண்துளைகளில் படிய, எலும்பு கல்லாகிறது. ஆற்று வெள்ளம் எலும்புகளை உருட்டிச் சிதறடிக்கும். ஏரியோ விழுந்த இடத்திலேயே அவற்றை வைத்திருக்கும்.

காஷ்மீர் யானை: காஷ்மீர்ப் பள்ளத்தாக்கை ஒரு காலத்தில் நிரப்பியிருந்த ஏரியின் வண்டல் மேடுகள் ‘கரேவா’ எனப்படுகின்றன. இன்று குங்குமப்பூ விளையும் பாம்பூர் அருகே, இந்த வண்டலில் 2000-ம் ஆண்டு ஒரு பெரும் யானையின் மண்டையோடு கிடைத்தது. அதன் வயது 3 முதல் 4 லட்சம் ஆண்டுகள் எனவும், உடன் கிடைத்த 87 கற்கருவிகள் ஆதிமனிதர்களுடையவை எனவும் 2024-ல் வெளியான ஆய்வுகள் தெரிவித்தன. மஜ்ஜைக்காக எலும்புகளை அவர்கள் உடைத்ததற்கான அடையாளங்களும் தென்பட்டன. ஏரிச் சேறு இல்லையெனில் இந்தச் செய்தியே நமக்குக் கிடைத்திராது.

மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளில் 256 டைனோசர் முட்டைகள் கண்டறியப்பட்டதாக 2023-ல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். நீர்நிலைகளின் கரையோரம் இடப்பட்ட முட்டைகள் சில நீரில் மூழ்கிப் பொரியாமலே கல்லாகியிருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு. அம்மாவட்டத்தில் காவல் தெய்வமாக வழிபடப்பட்ட உருண்டைக் கற்கள் சில டைனோசர் முட்டைகளே என்பதும் பின்னர் தெரியவந்தது.

நாடாளுமன்றத்தில்: கரேவா மேடுகளின் மண் ரயில் பாதை அமைக்கவும் செங்கல் சூளைகளுக்கும் பெருமளவில் வெட்டப்பட்டது. வர்க்கலாவிலும், பலிமண்டபத்துக்கு ஆபத்து என்று கூறி 2024 ஜூனில் மாவட்ட நிர்வாகம் பாறையின் ஒரு பகுதியை இடித்தது. அது தேசிய புவியியல் நினைவுச்சின்னம் என்பதால் இந்திய புவியியல் ஆய்வு மையம் ஆட்சேபம் தெரிவித்தது. ஆனால், அத்தகைய அறிவிப்புக்குப் பின்னால் தனிச் சட்டத்தின் பலம் இருக்கவில்லை.

பாரம்பரியத் தலங்களுக்கான தேசிய ஆணைய மசோதா 2009-ல் மாநிலங்களவையில் அறிமுகமாகி, 2015-ல் திரும்பப் பெறப்பட்டது. புவிப் பாரம்பரியத் தலங்களைக் காக்கும் வரைவு மசோதாவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டது. அத்தலங்களைச் சேதப்படுத்துவோருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ரூ. 5 லட்சம் வரை அபராதம் என்று அது கூறியது. அதிகாரம் முழுவதும் ஒரே துறையிடம் குவியும் என்ற அச்சமும் ஆய்வாளர்களிடையே எழுந்தது.

இடிந்த கோயிலை மீண்டும் எழுப்பலாம். கலைந்த வண்டல் அடுக்கை மீண்டும் அடுக்க இயலாது. எலும்பு கிடந்த இடமும் ஆழமும் தெரியாவிட்டால் அதன் காலத்தைக் கூறுவதும் கடினம் என்பது குறிப்பிடத்தக்கது.