கரியமில வாயு இல்லாமல் தொட்டிக்குள் பச்சை விரிப்பு: விற்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

வண்ணமீன் கடை நடத்தும் நம் உறுப்பினர்களிடம் இப்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. கடைக்கு வரும் இளைஞர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணே, தரை முழுக்கப் புல்வெளி மாதிரி இருக்கே, அந்தச் செடி வேணும். சிலிண்டர் மட்டும் வேண்டாம்" என்கிறார். "தாராளமா வரும், வாங்கிட்டுப் போங்க" என்று சிலர் விற்கிறார்கள். "சிலிண்டர் இல்லாம ஒண்ணும் வராது" என்று சிலர் திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டு பதிலும் முழு உண்மை அல்ல. செடியைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, சில மாதம் பொறுத்திருப்பவருக்குச் சிலிண்டர் இல்லாமலும் விரிப்பு கிடைக்கும். ஆனால் படத்தில் கண்ட அதே செடியால், அதே வேகத்தில் கிடைக்காது. இதை விற்கும்போதே எடுத்துச் சொல்ல வேண்டியது நம் கடமை.

படத்தில் காணும் தொட்டியின் கதை வேறு. ஜப்பான் நாட்டின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ (1954–2015) உலகெங்கும் பரப்பிய முறை அது. பலத்த வெளிச்சம், சிலிண்டரிலிருந்து கரியமில வாயு, தவறாத உரம், அடிக்கடி கத்தரிப்பு ஆகிய நான்கும் சேர்ந்ததே அந்த அழகு. இதற்கு நேர்மாறான வழியை அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட் 1999இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சாதாரணத் தோட்டமண்ணை அடியில் போட்டு, மண்ணும் மீனும் தரும் சத்தைக் கொண்டே செடி வளர்ப்பது அவர் வழி. நம் ஊர் வாடிக்கையாளரின் பணப்பைக்கு ஏற்றது இந்த இரண்டாவது வழிதான்.

வாயு ஏன் வேண்டும்?

செடிகள் கரியமில வாயுவைக் கொண்டே உணவு தயாரிக்கின்றன. வெளிக்காற்றோடு சமநிலையில் உள்ள தண்ணீரில் இந்த வாயு லிட்டருக்குச் சுமார் அரை மில்லிகிராம்தான் இருக்கும். சிலிண்டர் வைத்த தொட்டிகளில் இதை 20 முதல் 30 மில்லிகிராம் வரை ஏற்றி வைக்கிறார்கள். அதோடு, தண்ணீருக்குள் வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. இலையை ஒட்டியுள்ள வாயு தீர்ந்தால் அடுத்தது வந்து சேர நேரமாகும். உயரமாக வளரும் செடி வெளிச்சத்தைத் தேடி மேலே போய்விடும். தரையோடு கிடக்கும் விரிப்புச் செடிக்கு அந்த வசதி இல்லை. வெளிச்சமும் அதற்குத்தான் கடைசியாக எட்டுகிறது.

இங்கேதான் பல கடைகளில் தவறான யோசனை சொல்லப்படுகிறது. "வெளிச்சம் போதவில்லை, பெரிய விளக்கு வாங்குங்கள்" என்று சொல்லி விற்பது எளிது. வாயு குறைவாக இருக்கும்போது வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் செடியால் அதைப் பயன்படுத்த முடியாது, பாசிதான் பெருகும். உலையில் அரிசி இல்லாமல் அடுப்பில் தீயை மட்டும் கூட்டி என்ன பயன்?

எந்தச் செடியை விற்கலாம்?

1. குள்ள சாஜிடேரியா: சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு முதலில் சொல்ல வேண்டிய செடி. ஓடுதண்டு விட்டுப் பரவும். ஐந்தாறு செடி நட்டால் நல்ல மண்ணில் தானே பெருகும். ஆனால் விரல் உயரத்திலேயே நிற்கும் என்று உறுதி சொல்லாதீர்கள். சில தொட்டிகளில் அரையடி வரை நீளும்.

2. குள்ளச் சங்கிலி வாள்செடி (ஹெலாந்தியம் டெனெல்லம்): இதுவும் ஓடுதண்டால் பரவுவது. இலை மெல்லியது, பார்க்கப் புல் போலவே இருக்கும்.

3. மார்சிலியா: நம் வயல்வரப்பில் வளரும் ஆரைக்கீரையின் இனம். குறைந்த வெளிச்சத்தையும் தாங்கும், வளர்ச்சி மெதுவு. வயலில் பறித்த கீரையை அப்படியே தொட்டியில் போடச் சொல்ல வேண்டாம். பூச்சிமருந்து ஒட்டியிருந்தால் இறால்கள் செத்துவிடும்.

4. கிரிப்டோகோரைன் பார்வா: இலங்கைக்கே உரிய சிறுசெடி. ஒருமுறை வேரூன்றினால் பல ஆண்டு நிற்கும். ஆனால் மிக மிக மெதுவாகப் பரவும். ஆகவே நெருக்கமாக நட நிறையச் செடி வாங்கச் சொல்லுங்கள்.

5. ஊசிப்புல், மான்டி கார்லோ: இவை இரண்டும் நடுத்தரம். சத்துள்ள மண்ணும் ஆழம் குறைந்த தொட்டியும் இருந்தால் வரும். சில இடங்களில் திட்டுத்திட்டாகவே நிற்கும்.

கியூபா என்று நாம் விற்கும் மிகச் சிறிய இலைச் செடியையும் குளோசோஸ்டிக்மாவையும் சிலிண்டர் இல்லாதவருக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. முன்னது நாளடைவில் மஞ்சளாகிக் கரைந்துபோகும். பின்னது வெளிச்சம் போதாமல் தரையை விட்டு மேல்நோக்கி வளரும்.

தொட்டி அமைக்கும் முறை

தொட்டியின் உயரம் ஒரு அடிக்கு மேல் வேண்டாம். அடியில் ஒரு அங்குலம் தோட்டமண். அதில் யூரியா, சாணம், மட்காத குப்பை எதுவும் கலந்திருக்கக் கூடாது. அதன்மேல் ஒரு அங்குலம் கழுவிய பருமணல் அல்லது பொடிச் சரளை. மண்ணில் மட்கும் பொருள்களே சிறிது சிறிதாகக் கரியமில வாயுவை வெளிவிடும். புது மண் முதல் சில வாரங்களில் அமோனியாவையும் விடும் என்பதால் மீனை உடனே விடக் கூடாது. தண்ணீரை அடிக்கடி மாற்றி, வேகமாக வளரும் செடிகளையும் சேர்த்து நட்டு, பிறகு சிறு மீன்களைக் குறைந்த எண்ணிக்கையில் விடலாம்.

விளக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். காலையில் 4 மணி நேரம், நடுவில் 4 மணி நேரம் அணைத்துவிட்டு, மாலையில் மீண்டும் 4 மணி நேரம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. அணைத்திருக்கும் வேளையில் மீனும் மண்ணும் விடும் வாயு தண்ணீரில் சேர்ந்துகொள்ளும். ஏர் பம்பைப் பலமாக ஓடவிட்டால் இப்படிச் சேரும் வாயு வெளியேறிவிடும். மெல்லிய ஓட்டமே போதும். கோடையில் தண்ணீர் சூடேறினால் அதில் வாயு தங்குவதும் குறையும், செடியின் செலவும் கூடும். ஆகவே தொட்டியை ஜன்னல் வெயிலில் வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

தண்ணீர் விடாமல் தொடங்குதல்

செடியின் இலை தண்ணீருக்கு வெளியே இருந்தால் காற்றிலுள்ள வாயுவை நேரே எடுத்துக்கொள்ளும். இதைப் பயன்படுத்தும் முறை இது. மண் நன்றாக ஈரமாக இருக்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுச் செடியைச் சிறு துண்டுகளாக்கி இடுக்கியால் நடவேண்டும். தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, தினமும் சில நிமிடம் திறந்து, தண்ணீர் தெளித்து வரவேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடித்துப் பரவிய பிறகு மெதுவாகத் தண்ணீர் நிரப்பலாம். மான்டி கார்லோவுக்கும் ஊசிப்புல்லுக்கும் இது ஏற்ற வழி.

தண்ணீர் நிரப்பியதும் பழைய இலைகளில் ஒரு பகுதி அழுகி உதிரும். காற்றில் வளர்ந்த இலை தண்ணீருக்கு ஏற்றதல்ல. புது இலை வரும்வரை பொறுக்க வேண்டும். பண்ணைகளில் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலேயே வளர்த்து அனுப்புவதால், நேரடியாகத் தண்ணீரில் நடும் செடிக்கும் இதே நிலைதான். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் வாடிக்கையாளர் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு நம்மைத்தான் ஏசுவார்.

எச்சரிக்கை இரண்டு

முதலாவது, விதைப் பொட்டலங்கள். 'கார்பெட் விதை' என்று அழகான படத்தோடு வருபவற்றில் பெரும்பாலும் செடியின் சரியான பெயரே இருக்காது. ஈர மண்ணில் நாலைந்து நாளில் பச்சைப்பசேல் என்று முளைப்பதால் வாங்கியவர் மகிழ்ந்துபோவார். தண்ணீர் நிரப்பிய சில வாரங்களில் அழுகி மிதக்கும், அல்லது விரிப்பாகப் பரவாமல் நெட்டையாக வளரும். மேலே சொன்ன விரிப்புச் செடிகள் எதையும் நம் தொழிலில் விதை போட்டு வளர்ப்பதில்லை. துண்டாகவோ கன்றாகவோதான் நடுகிறோம். லாபம் அதிகம் என்றாலும் என் மொத்தக் கடையில் இப்பொட்டலங்களை வைப்பதில்லை.

இரண்டாவது, 'திரவக் கார்பன்' புட்டிகள். பலவற்றில் இருப்பது குளுடரால்டிஹைடு சார்ந்த ரசாயனம். மருத்துவமனையில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் வகை. பாசியை ஓரளவு கட்டுப்படுத்தும். கரியமில வாயுவுக்கு ஈடாகாது. அளவு மீறினால் மீனும் இறாலும் சாகும். கையில், கண்ணில் படக் கூடாது, குழந்தைகளுக்கு எட்டக் கூடாது என்று சொல்லாமல் விற்கக் கூடாது.

நமக்கு என்ன லாபம்?

செடி வாங்குபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: தொட்டி எவ்வளவு உயரம்? அடியில் என்ன போட்டிருக்கிறீர்கள்? என்ன மீன் இருக்கிறது? கோல்டு பிஷ் வளர்ப்பவர் என்றால் விரிப்புச் செடி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மண்ணைக் கிளறி எல்லாவற்றையும் மிதக்கவிடும். அன்று ஒரு கப் செடியின் விற்பனை போகும். ஆனால் தீவனம், பில்டர், மீன் என்று அவர் மாதாமாதம் நம் கடைக்குத்தான் வருவார். முதல் செடியே கரைந்துபோனவர் சில மாதத்தில் தொட்டியையே பரணில் ஏற்றிவிடுவார். பிறகு யார் கடைக்கும் வரமாட்டார்.

மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கும் பொறுப்பு உண்டு. ஒவ்வொரு கப்பிலும் செடியின் பெயரையும், வாயு வேண்டுமா வேண்டாமா என்பதையும் தமிழில் எழுதி ஒட்டி அனுப்பினால் சில்லறைக் கடைக்காரருக்குப் பாதி வேலை மிச்சம். பண்ணை முதல் கடை வரை ஒரே உண்மையைச் சொன்னால் இந்தத் தொழில் இன்னும் பல காலம் செழிக்கும்.