வயதைக் கூட்டியும் குறைத்தும்

போலந்து நாட்டில் பியோத்ர்கூவ் என்றொரு ஊர். அங்கிருந்த யூதர்களின் பெரிய தொழுகைக்கூடம் இன்று பொது நூலகமாக இருக்கிறது. 1942 டிசம்பரில் அதே சுவர்களுக்குள் நூற்றுக்கணக்கான யூதர்களை நாஜிகள் அடைத்து வைத்தார்கள். பிறகு ஊருக்கு அருகிலிருந்த ராகூவ் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் ஒரு தாயும் அவருடைய எட்டு வயது மகளும் இருந்தார்கள். தாயை மட்டும் மீட்கக் கணவரால் வழி செய்ய முடிந்தது. சிறுமியைத் தனியே விட்டு வர அந்தத் தாய் இணங்கவில்லை. அவர்களுடைய மகன் பென் ஹெல்ஃப்காட்டுக்கு அப்போது வயது 13.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், அக்டோபரில், அந்த ஊரிலிருந்து இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் ரயிலேற்றப்பட்டு டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். பென் தப்பியதற்குக் காரணம், அவன் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தான் என்பதுதான். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அந்த வேலைச்சீட்டே உயிர்ச்சீட்டாக இருந்தது. வேலைக்கு உதவாத வயது என்றால் சாவு. நாஜிகள் வகுத்த கணக்கு அவ்வளவுதான்.

ஆஷ்விட்ஸ் முகாமிலும் இதே கணக்குதான். குழந்தைகளும் பதின்வயதினருமாகச் சுமார் 2,32,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் 2,16,000 பேர் யூதர்கள். ரயிலைவிட்டு இறங்கியதும் வரிசை. வரிசையின் முன்னால் சீருடையில் ஒருவன். அவன் கைகாட்டிய திசையில் வாழ்வோ சாவோ. ஏற்கெனவே அங்கிருந்த கைதிகள், வந்திறங்கும் பையன்களிடம் வயதைக் கூட்டிச் சொல்லும்படி ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னாளில் எழுத்தாளரான எலி வீசல் சிகெத் நகரிலிருந்து 1944 மே மாதம் வந்தபோது அவருக்கு வயது 15. தன் வயது 18 என்று சொல்லி உயிர் தப்பினார். பெரியவனாகும் ஆசை எல்லாச் சிறுவர்களுக்கும் உண்டு. அந்த ரயில் மேடையில் நின்ற சிறுவனுக்கு அதற்குச் சில நொடிகள்தான் கிடைத்தன.

பென் ஆஷ்விட்ஸுக்குப் போகவில்லை. அவனைப் புக்கன்வால்டுக்கும், அங்கிருந்து டாங்கி எதிர்ப்பு ஆயுதங்கள் செய்த ஷ்லீபென் முகாமுக்கும், கடைசியில் தெரேசியன்ஸ்டாட்டுக்கும் கொண்டுபோனார்கள். 1945 மே மாதம் சோவியத் படை அங்கே வந்தபோது அவனுக்கு 15 வயது. தந்தை, போர் முடியச் சில நாட்களே இருக்கையில், கைதிகளை நடக்கவைத்தே கொன்ற மரண நடைகளில் ஒன்றிலிருந்து தப்ப முயன்று சுடப்பட்டார். இன்னொரு தங்கை மட்டும் பெர்கன்-பெல்சன் முகாமில் பிழைத்திருந்தாள்.

போர் முடிந்த அந்தக் கோடையில் கணக்கு தலைகீழாயிற்று. முகாம்களில் பிழைத்த யூதச் சிறார்களில் ஆயிரம் பேரை ஏற்றுக்கொள்ள பிரிட்டிஷ் அரசு அனுமதித்தது. 16 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நேற்றுவரை வயதைக் கூட்டிச் சொன்ன பையன்களில் பலர் இப்போது குறைத்துச் சொன்னார்கள். சிலருக்கு அந்தப் பொய்ப் பிறந்தநாளே ஆவணங்களில் ஆயுள் முழுக்க நிலைத்துவிட்டது. அப்படியும் ஆயிரம் பேர் தேறவில்லை. இங்கிலாந்து வந்து சேர்ந்தவர்கள் 732 பேர். அவர்களில் பெண்கள் 80 பேர் அளவில்தான். நாஜிகளும் அவர்களோடு ஒத்துழைத்தவர்களும் கொன்ற யூதக் குழந்தைகள் ஏறத்தாழ 15 லட்சம். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், அனுமதி கிடைத்தும் நிரப்ப முடியாமல் போன அந்த இடங்களின் பொருள் புரிகிறது.

1945 ஆகஸ்ட் 14 அன்று முதல் முந்நூறு பேர் பிராகாவிலிருந்து குண்டுவீச்சு விமானங்களில், தரையில் உட்கார்ந்தபடி, கார்லைல் அருகே வந்திறங்கினார்கள். விண்டர்மியர் ஏரிக்கரைக்குப் பக்கத்தில் கால்கார்த் குடியிருப்பு அவர்களுக்காகக் காத்திருந்தது. கடல் விமானம் கட்டிய தொழிலாளர்களுக்காகப் போர்க்காலத்தில் எழுப்பிய எளிய கட்டடங்கள் அவை. ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டில், வெள்ளை விரிப்பு, ஒரு பல்துலக்கி. ஒரே பலகையில் பலர் நெருக்கியடித்துப் படுத்து வந்தவர்களுக்கு இது நம்ப முடியாத வசதி. முதல் வேளைகளில் மேசையில் வைத்த ரொட்டியெல்லாம் சட்டைப் பைகளுக்குள் மறைந்துபோயிற்று. அடுத்த வேளைக்கும் ரொட்டி வரும் என்பது மனத்தில் பதிய அவர்களுக்குச் சில நாட்கள் பிடித்தன.

இன்று அந்தக் குடியிருப்பு இல்லை. அந்த நிலத்தில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. இந்தச் சிறார்களின் கதையைச் சொல்லும் நிரந்தரக் கண்காட்சி விண்டர்மியர் நூலகத்தில் இருக்கிறது. 

அன்று அவர்களிடம் யாரும் அதிகம் கேட்கவில்லை. ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார்கள், விளையாட விட்டார்கள், சில மாதங்களில் பல ஊர்களின் விடுதிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். நடந்ததை மறந்து முன்னே போவதே நல்லது என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. இன்று இத்தகைய கொடுமையிலிருந்து மீளும் சிறுவனுக்கு மனநல ஆலோசனைதான் முதலில் நினைவுக்கு வரும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கால்கார்த்தில் கிடைத்த ஒன்றை எந்த ஆலோசனையாலும் தந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். தன்னைப் போலவே எல்லாரையும் இழந்த வேறு பையன்கள் சுற்றிலும் இருந்தார்கள். அவர்களிடம் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த உறவை அவர்கள் விடவே இல்லை. 1963இல் '45 உதவிச் சங்கம்' என்று அதற்கொரு அமைப்பும் வந்தது.

முகாமில் எலும்பும் தோலுமாகக் கிடந்த பென், எடைதூக்கும் வீரரானார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் என இரண்டு ஒலிம்பிக்குகளில் பிரிட்டன் எடைதூக்கும் அணிக்குத் தலைமை தாங்கினார். 1958 காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் பெற்றார். 2018இல் சர் பட்டம் வந்தது. 2023 ஜூனில், 93ஆம் வயதில் காலமானார்.

யூத இன அழிப்பிலிருந்து தப்பியோரில் உயிரோடிருப்பவர்கள் சுமார் 2,45,000 பேர் என்று 2024 தொடக்கத்தில் இழப்பீட்டுக்கான யூத அமைப்பு கணக்கிட்டது. அவர்களில் சரிபாதிப் பேர் அப்போது 86 வயதுக்குக் கீழே. அதாவது, போர் முடிந்தபோது எட்டு வயதுகூட நிரம்பியிராதவர்கள். ஒளித்து வைக்கப்பட்டும், தூக்கிக்கொண்டு ஓடியும் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் அவர்களில் பலர். முகாமில் உழைத்து, பார்த்ததைத் தெளிவாக நினைவில் வைத்திருக்கும் வயதில் இருந்தவர்களுக்கு இன்று 95ஐ ஒட்டிய வயது. 2015இல் ஆஷ்விட்ஸ் விடுதலை நினைவுநாளுக்குத் தப்பியோர் சுமார் 300 பேர் வந்தார்கள். 2025இல் ஏறக்குறைய 50 பேர்.

முன்பு கேட்பாரில்லை, சொல்லப் பலர் இருந்தார்கள். இன்று கேட்பதற்குப் பல வழிகள். இங்கிலாந்துப் பள்ளிகளில் 1991 முதல் யூத இன அழிப்பு பாடமாக இருக்கிறது. 1994இல் தொடங்கிய ஷோவா அறக்கட்டளையிடம் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட காணொளி வாக்குமூலங்கள் இருக்கின்றன. சிலரிடம் நூற்றுக்கணக்கான கேள்விகள் கேட்டு முன்கூட்டியே பதிவு செய்திருக்கிறார்கள். திரை முன் நிற்கும் மாணவன் கேள்வி கேட்டால் பொருத்தமான பதில் வரும். இது பெரிய செல்வம், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திரையால் மாணவனைத் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. உனக்கு என்ன வயது என்று ஒரு வகுப்பறையில் பென் கேட்டிருந்தால், பதினைந்து என்று சொன்ன பிள்ளைக்கு அந்த எண் வேறு எடையில் திரும்பி வந்திருக்கும்.

'45 உதவிச் சங்கம்' இப்போதும் இயங்குகிறது. நடத்துகிறவர்கள் அன்று வந்த அந்தச் சிறார்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள்.