ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் மருத்துவ விண்ணப்பம்

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது? ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் காப்பித் தோட்டத்து லைன் வீடுகளிலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் எழும் கேள்வி இது. விடுதி இருக்கிறதா, சோறு போடுவார்களா, பஸ் வருமா என்று விசாரித்துவிட்டு முடிவு செய்கிறோம். அது அரசுப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா என்று கேட்பவர்கள் நம்மில் குறைவு. பாடப்புத்தகம் ஒன்றுதானே, சத்துணவு இரண்டிலும் உண்டுதானே என்று விட்டுவிடுகிறோம்.

வேறுபாடு ஏழு ஆண்டுகள் கழித்துத் தெரியவரும். தமிழகத்தில் மருத்துவப் படிப்புக்கான மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 விழுக்காடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு என்று 2020இல் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி வந்த சட்டம் அது. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றமும் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளி, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளி எல்லாம் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளி அடங்காது. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஆகவே, நம் பிள்ளையின் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தை நாம் முதலில் எழுதுவது ஆறாம் வகுப்புச் சேர்க்கையன்று. அதை அறியாமலே எழுதிவிடுகிறோம் என்பதுதான் நம் வருத்தம்.

ஒரே வாசல்

அமெரிக்காவில் நான்கு ஆண்டுகள் ஒரு பட்டப்படிப்பை முடித்த பிறகே பொதுவாக மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பார்கள். பள்ளி முடித்த கையோடு பட்டப்படிப்பு, மருத்துவம் இரண்டையும் சேர்த்து ஒரே விண்ணப்பத்தில் இடம் தரும் திட்டங்கள் அங்கே சில பல்கலைக்கழகங்களில் மட்டும் உண்டு. நம் நாட்டில் எல்லோருக்கும் அதுதான் வழி. பிளஸ் டூ முடித்ததும் எம்.பி.பி.எஸ்.; நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி. பி.எஸ்சி. முடித்துவிட்டுப் பிறகு மருத்துவம் படிக்கலாம் என்று நினைத்தாலும் மீண்டும் நீட் தேர்வுதான் எழுத வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை இந்த ஒரே வாசலில் நிற்கும்போது கையில் மதிப்பெண்ணும் இருக்க வேண்டும், காகிதமும் இருக்க வேண்டும்.

வாசலையே மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்பதை அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா நமக்குச் சொல்லிச் சென்றார். கூலித் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200க்கு 1176. முந்தைய முறையே தொடர்ந்திருந்தால் அவர் மருத்துவர். 2017இல் தமிழகத்துக்கு நீட் வந்தது; அதில் அவர் பெற்றது 86. உச்சநீதிமன்றம் வரை போய் நியாயம் கேட்டார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். நீட்டிலிருந்து விலக்கு கேட்டுத் தமிழகச் சட்டப்பேரவை மசோதா நிறைவேற்றியது, ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்தப் போராட்டம் தொடரட்டும். அதுவரை நம் பிள்ளைகள் இந்த வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும்.

இரண்டு பிள்ளைகள்

காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் அருந்ததியர் குடும்பத்துப் பெண் ஒருத்தி, மலைக் கிராமத்து மலையாளிப் பழங்குடிப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். இருவருமே பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு.

தமிழக ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதற்குள் 3 விழுக்காடு, 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அருந்ததியருக்கான உள் ஒதுக்கீடு. அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரா ஆகிய ஏழு பிரிவினரும் இதில் வருவர். 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது. நீட் விண்ணப்பத்தில் அந்தப் பெண் எஸ்.சி. என்றே குறிக்க வேண்டும். மாநிலக் கலந்தாய்வு விண்ணப்பத்தில் எஸ்.சி.ஏ. என்று குறிக்க வேண்டும். சான்றிதழில் உட்பிரிவு சரியாக இல்லையென்றால் அந்த 3 விழுக்காடு அவளுக்கு இல்லை.

அவள் குடும்பம் கிறிஸ்தவம் தழுவியிருந்தால் நிலைமை வேறு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். மதம் மாறிய தலித் கிறிஸ்தவர் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். தீண்டாமை மதம் பார்ப்பதில்லை, சான்றிதழ் பார்க்கிறது. பழங்குடியினருக்கு இந்த மதத் தடை கிடையாது.

பையனுக்கு மாநிலத்தில் கிடைப்பது எஸ்.டி. ஒதுக்கீடு 1 விழுக்காடு, நூறு இடத்தில் ஒன்று. அரசு மருத்துவக் கல்லூரிகள் அனைத்திந்திய ஒதுக்கீட்டுக்கு விட்டுக்கொடுக்கும் 15 விழுக்காடு இடங்களில் எஸ்.டி.க்கு 7.5 விழுக்காடும் எஸ்.சி.க்கு 15 விழுக்காடும் உண்டு. அங்கே நாடு முழுவதிலுமிருந்து போட்டி. ஆனாலும் இரண்டு இடத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். அனைத்திந்தியக் கலந்தாய்வுக்கு எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் பதிவுக் கட்டணமாக 500 ரூபாயும், வைப்புத் தொகையாக 5,000 ரூபாயும் இணையத்தில் கட்ட வேண்டியிருந்தது. கூலி வீட்டில் ஒரே நாளில் புரட்ட முடியாத தொகை அது. முன்கூட்டியே சேர்த்து வைப்பது நல்லது.

இருவரும் ஆறு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 விழுக்காட்டு வரிசையிலும் நிற்கலாம், பொது வரிசையிலும் நிற்கலாம். அந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

காகிதம் எங்கே கிடைக்கும்?

எஸ்.சி. சான்றிதழை வட்டாட்சியர் தருவார். எஸ்.டி. சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். 1989 முதல் இதுவே நடைமுறை. இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போய், விசாரணைக்குக் காத்திருந்து, மறுபடி வரச் சொன்னால் இன்னொரு நாள் கூலியும் போகும். பிளஸ் டூ தேர்வு நேரத்தில் தொடங்கினால் நேரம் போதாது. ஆறாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

மலையாளிகள் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று பட்டம் சேர்ப்பது வழக்கம். பள்ளிப் பதிவேட்டில் சாதிக்கான இடத்தில் அந்தப் பட்டம் ஏறிவிட்டால் பிறகு சிக்கல். அங்கே மலையாளி என்றே இருக்க வேண்டும். இதே மலையாளிகள் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் எஸ்.டி. பட்டியலில் சேர்க்கப்படாமல் இன்னும் போராடுகிறார்கள். நமக்குச் சட்டம் தந்ததை எழுத்துப் பிழையால் இழக்கலாமா?

இந்த ஒதுக்கீடு சும்மா வந்ததும் அல்ல. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை 14 இடங்களில் 2 இடங்களை நம் மக்களுக்கு வைத்திருந்தது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையை வைத்து வழக்குப் போட்டார்கள். 1951இல் உச்சநீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. தமிழகம் கொதித்தது, அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின் பயன்தான் நம் கையில் இருக்கும் சான்றிதழ்.

தேர்வு நாள்

நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். 180 கேள்விகள், 720 மதிப்பெண். இதில் பாதி, அதாவது 360, உயிரியலுக்கு. சரியான விடைக்கு 4. தவறான விடைக்கு 1 குறையும். வழக்கமாக மே மாதம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2 மணிக்குத் தேர்வு. 1.30 மணிக்கு வாயில் மூடப்படும். அதன் பிறகு அழுதாலும் திறக்காது. சேலத்தில் மையம் விழுந்தாலும் மலைப் பிள்ளைகள் முதல்நாளே கீழே இறங்கிவிடுவது நல்லது. கடைசி பஸ்ஸையோ முதல் பஸ்ஸையோ நம்பி ஏழாண்டுப் படிப்பை வைக்கக் கூடாது.

அரசுக்கும் நாம் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கான தனித்தொகுதி. அந்த மலைக்குக் கோட்டாட்சியர் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஏறிவந்து, பள்ளியிலேயே முகாம் நடத்தி எஸ்.டி. சான்றிதழ் தர வேண்டும். விடுதிக்காகவும் சோற்றுக்காகவும் உதவி பெறும் பள்ளியில் சேர்ந்த தலித், பழங்குடிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காட்டில் வழி என்ன என்பதையும் ஆராய வேண்டும். வறுமையால் எடுத்த முடிவுக்குப் பிள்ளையைத் தண்டிப்பது நியாயமாகாது.

சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி 1986 முதல் மலையடிவாரத்து ஊரில் இருக்கிறது. நம்மவர்கள் அங்கே நோயாளியாகப் போகும் வழி நன்றாகத் தெரியும். மாணவராகப் போகும் வழியும் தெரிய வேண்டும். வரும் ஜூனில் பள்ளிக்குப் போகும் பெற்றோர் தலைமையாசிரியரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: இது 7.5 விழுக்காட்டுக்குத் தகுதியான அரசுப் பள்ளியா? பதிவேட்டில் என் பிள்ளையின் சாதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது? பிளஸ் ஒன்னில் இங்கே உயிரியல் பிரிவு இருக்கிறதா? பதிலைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.