காய்ஞ்ச கறின்னா வெந்த கறி இல்ல: நாய்க்கான ஃப்ரீஸ் ட்ரை உணவு

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்டுகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ஃப்ரீஸ் ட்ரை பண்ண பச்சைக் கறின்னு பாக்கெட்ல வருதே, அதை நாய்க்குப் போடலாமா? ஊருக்குப் போறப்போ எடுத்துட்டுப் போலாமா?" கல்மண்டபத்துல இருந்து ஒருத்தங்க இன்னும் கொஞ்சம் விவரமா கேட்டிருந்தாங்க. வீட்டுல ஆயா இருக்காங்க, அக்கா பிரசவத்துக்கு வந்திருக்காங்க, ஒரு ஹால் ஒரு ரூம். நாய் தட்டு வைக்கிற அதே தரையிலதான் ராத்திரி எல்லாரும் உக்காந்து சாப்பிடுறாங்க. "சமைக்கவே வேணாம், தண்ணி ஊத்தினா போதும்னு போட்டிருக்கு, வாங்கவா?" இந்த வீட்டை மனசுல வச்சுக்கிட்டே இன்னிக்குப் பேசறேன். ஏன்னா விளம்பரத்துல வர்ற வீட்டுல தனியா ஒரு கிச்சன், நாய்க்குன்னு தனியா ஒரு மூலை, பின்னாடி புல்தரை எல்லாம் இருக்கும். நம்ம பக்கம் அப்படி இல்ல.

முதல்ல இந்தச் சாமான் என்னன்னு பாத்துடலாம். காசிமேட்டுல கருவாடு காயறதைப் பாத்திருப்பீங்க. மீன்ல இருக்கிற தண்ணி வெயில்ல ஆவியாகுது, மீன் சுருங்குது, இறுகுது. கூடவே உப்பு. வெயிலும் உப்பும் சேர்ந்துதான் கருவாட்டைக் கெடாம வைக்குது. ஃப்ரீஸ் ட்ரையிங் வேற வழி. கறியை மைனஸ் 40 டிகிரி மாதிரி ஒரு குளிர்ல கல்லா உறைய வச்சு, ஒரு பெட்டிக்குள்ள வச்சு, உள்ள இருக்கிற காத்தை உறிஞ்சிடுவாங்க. அழுத்தம் ரொம்பக் குறைஞ்சதும், ஐஸ் உருகித் தண்ணியாகாம நேரா ஆவியாப் போயிடும். பூஜை ரூம்ல திறந்து வச்ச கற்பூரம் கொஞ்சங்கொஞ்சமா காணாமப் போகுதுல்ல, ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாம? அதே கதைதான். தண்ணியை அப்படிப் போக வைக்கணும்னா காத்து அழுத்தம் நாம சுவாசிக்கிற அழுத்தத்துல 160ல ஒரு பங்குக்கும் கீழ இறங்கணும். அதனாலதான் மெஷின் விலையும் கரண்ட் பில்லும் எகிறுது. ஒரு லோடு காய ஒரு நாள், ஒன்றரை நாள்கூட ஆகும்.

சூடே படாததால கறி சுருங்காது. ஐஸ் இருந்த இடம் எல்லாம் ஓட்டை ஓட்டையா, ஸ்பாஞ்ச் மாதிரி நிக்கும். தண்ணி ஊத்தினா சில நிமிஷத்துல உறிஞ்சிக்கிட்டு பழைய உருவத்துக்கு வந்துடும். கோழிக் கறியில முக்கால் பங்கு தண்ணி. காயவச்சு முடிச்சா 1 கிலோ கறி சுமாரா 260 கிராமுக்கு வரும். அதாவது 1 கிலோ பாக்கெட் வேணும்னா கிட்டத்தட்ட 4 கிலோ கறி உள்ள போகணும். விலை ஏன் அப்படி இருக்குங்கிறதுக்கு இதுவே பாதி பதில்.

இப்போ விஷயத்துக்கு வரேன். காய்ஞ்சிருக்கு, பாக்கெட்ல சீல் பண்ணியிருக்கு, ஃப்ரிட்ஜ் வேணாம். அதனால கிருமி எல்லாம் செத்திருக்கும்னு நம்ம மூளை தானா முடிவு பண்ணிடுது. அப்படி இல்ல. இதுக்கு ஆதாரம் நம்ம ஊர்லயே, கிண்டியில இருக்கு. 1948ல ஆரம்பிச்ச பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம். பிறந்த குழந்தைக்குத் தோள்ல போடுற அந்த ஊசி, உயிரோட இருக்கிற, ஆனா பலவீனப்படுத்தப்பட்ட பாக்டீரியா. அதை எப்படிப் பத்திரப்படுத்துறாங்க? ஃப்ரீஸ் ட்ரை பண்ணிப் பொடியாத்தான். நர்ஸம்மா அதுல உப்புத் தண்ணி கலந்து போடுவாங்க. உள்ள இருக்கிற பாக்டீரியா உயிரோட இருந்தாதான் ஊசி வேலை செய்யும். மெடிக்கல் ஷாப்ல விக்கிற புரோபயாட்டிக் கேப்ஸ்யூலும் இதே டெக்னிக்தான். உலகம் முழுக்க லேப்ல பாக்டீரியாவைச் சாகடிக்காம வருஷக்கணக்கா வைக்கிறதுக்கு இதைத்தான் பண்றாங்க. அப்போ கோழிக் கறியில சால்மோனெல்லா இருந்தா அதுக்கு என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஈரம் இல்லாததால பெருகாது. தூங்கும். தண்ணி ஊத்தினதும் முழிச்சுக்கும்.

அமெரிக்க எஃப்.டி.ஏ. 2010க்கும் 2012க்கும் நடுவுல கடையில விக்கிற நாய், பூனை உணவை எடுத்துச் சோதனை பண்ணாங்க. பச்சைக் கறி வகையில 196 மாதிரி. அதுல 15ல சால்மோனெல்லா, 32ல லிஸ்டீரியா. அந்த லிஸ்டீரியாதான் கர்ப்பமா இருக்கிறவங்க பயப்பட வேண்டிய கிருமி, கருவையே கலைக்கக்கூடியது. 2012லயே அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் சமைக்காத கறியை நாய், பூனைக்குக் கொடுக்காதீங்கன்னு கொள்கையாவே எழுதிட்டாங்க. அப்புறம் 2024 டிசம்பர்ல ஓரிகான் மாநிலத்துல, உறைய வச்ச பச்சை வான்கோழிக் கறி உணவைத் தின்ன ஒரு வீட்டுப் பூனை பறவைக் காய்ச்சல்ல செத்துப்போச்சு. பூனைக்குள்ள இருந்த வைரஸும் பாக்கெட்ல இருந்த வைரஸும் ஒண்ணுதான்னு சோதனையில தெரிஞ்சது. உறைய வச்சும் வைரஸ் சாகல. நம்ம பக்கத்துல கேரளாவுல, ஆலப்புழா சைடு வாத்துப் பண்ணைகள்ல இந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருது. அதனால இது ஏதோ அமெரிக்காக்காரன் கதைன்னு ஒதுக்க முடியாது.

"நாயோட வயித்து அமிலம் எல்லாத்தையும் எரிச்சுடும் ப்ரோ"ன்னு ஒரு வாதம் ரீல்ஸ்ல ஓடுது. நாய்க்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம், அது நிஜம். பிரச்சனை என்னன்னா, ஒண்ணும் ஆகாத நாயே கிருமியை மலத்துல வெளியே தள்ளிக்கிட்டு இருக்கும். அது தன் பின்பக்கத்தை நக்கும், அப்புறம் வந்து குழந்தை மூஞ்சியை நக்கும். தனி பங்களாவுல இருக்கிற ஆரோக்கியமான 2 பேருக்கு இது சின்ன ரிஸ்க். கல்மண்டபத்து ஒற்றை ஹால்ல ஆயாவும் பிரசவமான அக்காவும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டுக்கு இது வேற கணக்கு. அந்த வீட்டுக்கு என் பதில் நேரடியா: வேணாம். நாய் ஒருவேளை நல்லா இருந்தாலும் வேணாம்.

சில கம்பெனி பாக்கெட்ல உயர் அழுத்த முறைன்னு போட்டிருப்பாங்க. அது உண்மையிலேயே உருப்படியான விஷயம். கறியை வளிமண்டல அழுத்தத்தைப் போல கிட்டத்தட்ட 6,000 மடங்கு தண்ணி அழுத்தத்துல வச்சு நசுக்குவாங்க. சூடு இல்லாமலே நிறைய பாக்டீரியா செத்துப்போகும். ரிஸ்க் குறையும், பூஜ்யம் ஆகாது. இன்னொண்ணு, வேகவச்சுட்டு அப்புறம் ஃப்ரீஸ் ட்ரை பண்ண கறியும் விக்குது. பாக்கெட் முன்னாடி பெருசா இருக்கிற எழுத்தை விடுங்க, பின்னாடி 'பச்சை'யா 'வேகவைத்தது'ங்கிற ஒரு வார்த்தையைத் தேடுங்க. என்னைக் கேட்டா வாங்கறதுன்னா அந்த வேகவச்ச வகைதான். ஆமா, பச்சை வகையில கொதிக்கிற தண்ணி ஊத்திட்டா வெந்துடாதான்னும் கேக்கறாங்க. வேகாது. கோழிக் கறிக்கு நடுப்பகுதி வரைக்கும் 74 டிகிரி போகணும். தட்டுல ஊத்தின தண்ணி கறியைத் தொட்டதுமே ஆறிடும்.

"நாய்ன்னா ஓநாய், அதுக்குப் பச்சைக் கறிதான் இயற்கை"ங்கிறதுக்கும் ஒரு வரி. 2013ல நேச்சர் இதழ்ல வந்த மரபணு ஆராய்ச்சி, மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணு ஓநாயை விட நாய்க்கு நிறைய பிரதிகளா இருக்குன்னு காட்டுச்சு. மனுசன் போட்ட சோத்தைத் தின்னு தின்னே மாறின பிராணி அது. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கூழும் மோரும் குடிச்சு வேட்டைக்குப் போன நாய்ங்கதான்.

அதுக்காக நம்ம தெருவுல வழக்கமா வேகவைக்கிறது எல்லாம் சரின்னு சொல்ல மாட்டேன். கறிக்கடையில கோழிக் கழுத்து, கால், ஈரல் வாங்கி, ரேஷன் அரிசியோட மஞ்சப்பொடி போட்டு ஒரு குக்கர். மலிவு, நாயும் ஆசையா தின்னும், கிருமிப் பயமும் இல்ல. குறை எங்கன்னா சுண்ணாம்புச் சத்துல. நாய்க்குக் கால்சியமும் பாஸ்பரஸும் ஒண்ணுக்கு ஒண்ணாவது இருக்கணும், கால்சியம் கொஞ்சம் கூடவே இருந்தா நல்லது. எலும்பில்லாத கறியில பாஸ்பரஸ்தான் மொத்தமும். மாசக்கணக்கா வெறும் கறி, சோறுன்னு போனா, முக்கியமா குட்டி நாய்க்கு, எலும்பு வளையும். வெந்த எலும்பைக் கொடுத்துச் சரிக்கட்டவும் முடியாது, அது கூர் கூரா உடைஞ்சு குடலைக் கிழிக்கும். ஈரலை தினமும் அள்ளிப் போட்டா வைட்டமின் ஏ அதிகமாகி அதுவும் எலும்பைத்தான் பிடிக்கும். முட்டை ஓட்டுப் பொடி நல்ல வழி, ஆனா எவ்வளவுங்கிறது உங்க நாயோட எடையையும் வயசையும் பொறுத்தது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி நம்ம பக்கத்துல இருந்து ஒரு ஆட்டோ தூரம்தான். 1903ல இருந்து அங்கேயே இருக்கு. ஒரு தடவை போய் எழுதி வாங்கிட்டு வந்துடுங்க.

நம்ம ஏரியாங்கிறதால மீனையும் சொல்லிடறேன். காசிமேட்டுல மலிவாக் கிடைக்கிற மத்தி, நெத்திலி குடும்பத்து மீன்கள் சிலதுல, பச்சையா தின்னா வைட்டமின் பி1-ஐ அழிக்கிற ஒரு நொதி இருக்கு. வேகவச்சா அந்த நொதி காலி, மீன் அருமையான சாப்பாடு. கருவாடு மட்டும் கூடவே கூடாது, அவ்வளவு உப்பு.

சரி, பயணம். இந்தச் சாமான் உண்மையிலேயே ஜெயிக்கிற இடம் இதுதான், அதை மறுக்க மாட்டேன். 20 கிலோ எடையுள்ள, கருத்தடை செஞ்ச நாய்க்கு ஒரு நாளைக்கு சுமாரா 1,000 கலோரி வேணும். ஃப்ரீஸ் ட்ரை கறி 100 கிராமுக்குப் பெரும்பாலும் 450ல இருந்து 500 கலோரி. அப்போ ஒரு நாளைக்கு 200 கிராமுக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு நாள் சாப்பாடு ஒரு டிபன் பாக்ஸ்ல அடங்கிடும். ஐஸ் பெட்டி வேணாம், ஒழுகாது, நாறாது. ஆனா இதே கணக்கு வீட்டுல திருப்பி அடிக்கும். பார்க்க லேசா பொரி மாதிரி இருக்கிறதால கிண்ணம் நிறைய கொட்டிடுவோம், நாய் ரெண்டு மாசத்துல குண்டாயிடும். தராசுல நிறுத்துப் போடுங்க.

ரயில்ல போறீங்கன்னா ஒரு விஷயம். ஏ.சி. முதல் வகுப்புல கூபே முழுசா, இல்ல கேபின் முழுசா உங்க பேர்ல இருந்தாதான் நாய் உங்க கூட வரும். இல்லேன்னா கார்டு பெட்டியில இருக்கிற நாய்க் கூண்டுதான். ஸ்லீப்பர்லயோ செகண்ட் ஏ.சி.யிலயோ கூட்டிட்டுப் போக முடியாது. சாப்பாடு, தண்ணி எல்லாம் ஓனர் பொறுப்பு. எழும்பூர்ல இருந்து திருநெல்வேலி ஒரு முழு ராத்திரி. கூண்டுல போற நாய்க்கு, வண்டி நிக்கிற ரெண்டு மூணு நிமிஷத்துல ஓடிப்போய் தண்ணி ஊத்திக் கறி ஊறவைக்க முடியாது. அதனால கிளம்பறதுக்கு 4 மணி நேரம் முன்னாடி லேசா சாப்பாடு, வழியில தண்ணி மட்டும், இறங்கினதும் முழுச் சாப்பாடு. வளர்ந்த, ஆரோக்கியமான நாய் ஒரு ராத்திரி பட்டினி கிடந்தா ஒண்ணும் ஆகாது. குட்டிக்கும் சர்க்கரை வியாதி இருக்கிற நாய்க்கும் இது பொருந்தாது.

பயணத்தன்னிக்குத்தான் முதல் தடவை பாக்கெட்டைப் பிரிக்கிறது ரொம்பத் தப்பான ஐடியா. வயித்தால போகும், அதுவும் கார்ல. ஒரு வாரம் முன்னாடியே பழைய சாப்பாட்டோட கொஞ்சங்கொஞ்சமா கலந்து பழக்குங்க. வேளைக்கு ஒரு குட்டிப் பாக்கெட்டா பிரிச்சு, காத்து போகாம மூடி எடுத்துக்கோங்க. நம்ம கடல் காத்துல அப்பளம் என்ன கதியாகும்னு தெரியும்ல, இதுவும் அப்படித்தான் நமுத்துப் போகும். ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கிறதால இன்னும் சீக்கிரமாவே. நமுத்துட்டா கிருமிக்கு மறுபடி ஈரம் கிடைச்சாச்சு, தூக்கிப் போட்டுடுங்க. காயவச்சதை அப்படியே கொடுக்காம தண்ணியில ஊறவச்சுக் கொடுங்க. 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 1 லிட்டர் தண்ணி வேணும், நம்ம வெயிலுக்கு இன்னும் கூட. ஊறவச்சது அரை மணி நேரத்துல தின்னு முடிக்கலேன்னா மிச்சத்தை வைக்காதீங்க, பிளாட்பார நாய்க்கும் போடாதீங்க. கையை சோப்பு போட்டுக் கழுவுங்க, சானிடைசர் பிசுக்குல வேலை செய்யாது. எவர்சில்வர் தட்டு, அதுக்குன்னு தனி ஸ்க்ரப்பர்.

வெளிநாட்டுக்கு நாயோட போறவங்க ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. பாக்கெட்டைப் பெட்டியில வைக்காதீங்க. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள வெளியில இருந்து கறிப் பொருள் எடுத்துட்டுப் போகவே தடை, நாய் சாப்பாட்டுக்கும் அது பொருந்தும். அங்க இருந்து இங்க கொண்டு வரவும் மத்திய கால்நடைத் துறையோட அனுமதி வேணும். போற ஊர்ல வாங்கிக்கோங்க.

கல்மண்டபத்து அக்கா, உங்களுக்குத் தனியா: குக்கர்ல வேகவச்சதே தொடரட்டும், கால்சியத்தை மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுச் சேருங்க. ஊருக்குப் போறப்போ வேகவச்சுக் காயவச்ச பாக்கெட் ஒண்ணு வாங்குங்க, ட்ரெய்ன் ஏறுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. நாய் மூஞ்சி சுளிச்சா வாய்ஸ் நோட் அனுப்புங்க.