ராத்திரிப் பசிக்கு பால் டப்பாவை மாற்றலாமா?

ராத்திரி இரண்டு மணி. ஆறுமுகநேரியில் ஒரு வீட்டை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். இரண்டு மாதக் குழந்தை வீறிட்டு அழுகிறது. பத்து மணிக்குத்தான் பால் புகட்டித் தூங்க வைத்தார்கள். பன்னிரண்டரைக்கு ஒருமுறை எழுந்தது. இப்போது மறுபடியும்! சாகுபுரத்தில் ஷிப்ட் முடிந்து வந்து சற்று முன்தான் கண்ணயர்ந்த அப்பா எழுந்து உட்காருகிறார். அம்மாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருக்கிறது. ஆச்சி மட்டும் தெளிவாகத் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்: "ஏய்யா, இந்தப் பவுடர் பிள்ளைக்குப் பத்த மாட்டேங்கு. விடிஞ்சதும் ரெண்டாம் நம்பர் டப்பா வாங்கிட்டு வா. அதுதான் பசி தாங்குமாம்."

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்திருக்கலாம். டப்பா வாங்க மெடிக்கல் ஷாப்புக்குக் கிளம்பும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அந்த நம்பர் விஷயம். டப்பா மேல் இருக்கும் 1, 2 என்பதெல்லாம் 'சத்து குறைவு, சத்து அதிகம்' என்பதற்கான அடையாளம் அல்ல, வயசுக் கணக்கு. ஒன்றாம் நம்பர் பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரை. இரண்டாம் நம்பர் ஆறு மாதத்துக்குப் பிறகு. அந்த இரண்டாம் நம்பர் அவசியமே இல்லை என்று உலக சுகாதார சபை 1986லேயே சொல்லிவிட்டது. இரண்டு மாதக் குழந்தைக்கு அதைக் கொடுப்பது, எல்.கே.ஜி. பிள்ளையை இரண்டாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பது போலத்தான்.

சரி, 'பசி தாங்கும் பால்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? பாலில் இரண்டு வகைப் புரதம் உண்டு. ஒன்று, தயிர் மேல் தெளிந்து நிற்குமே, அந்தத் தண்ணீரில் கரைந்திருப்பது. இன்னொன்று கேசீன், பால் திரியும்போது கட்டியாவது இதுதான். தாய்ப்பாலில் முதல் வகை அதிகம். பசும்பாலில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். வயிற்றில் போய்க் கெட்டித் தயிர் மாதிரி ஆகிவிடுவதால் மெதுவாகச் செரிக்கும். 'மெதுவாகச் செரித்தால் அதிக நேரம் தூங்கும்' என்று கணக்குப் போட்டு, கேசீன் கூடுதலான பவுடரை 'பசிக் குழந்தைகளுக்கு' என்றே பிரிட்டனில் விற்கிறார்கள். ஆனால் அதைக் குடிக்கும் குழந்தை கூடுதலாகத் தூங்குகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்பதை அந்த நாட்டு அரசு மருத்துவத் துறையே சொல்கிறது.

ஆச்சிமார்களின் இன்னொரு வைத்தியம், படுக்கும் முன் பாட்டிலில் கொஞ்சம் கஞ்சியையோ பொடித்த பிஸ்கட்டையோ கலந்து விடுவது. இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1989ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுச் சொச்சம் குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஐந்தாவது வாரத்திலிருந்தும், மற்றதற்கு நாலாவது மாதத்திலிருந்தும் படுக்கும் முன் அரிசிக் கூழ் கொடுத்தார்கள். தூக்கத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை! ஆறு மாதத்துக்கு முன் கஞ்சி வேண்டாம். புரையேறும் அபாயம் வேறு. உடன்குடி கருப்பட்டித் தண்ணீர், தேன், சீனித் தண்ணீர் எதுவும் வேண்டாம். கருப்பட்டி மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அது காப்பிக்கு.

அப்படியானால் குழந்தைக்கு உண்மையிலேயே பசியா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பசித்த குழந்தை எடுத்த எடுப்பில் அழாது. வாயைச் சப்புக் கொட்டும், தலையைத் திருப்பித் தேடும், கையை வாயில் திணிக்கும். அழுகை கடைசியில்தான் வரும். துணி ஈரம், புழுக்கம், கொசு, வயிற்றில் காற்று, சும்மா அம்மா வாசனை வேண்டும் என்ற ஏக்கம், இவற்றுக்கும் அதே அழுகைதான். மூன்று வாரம், ஆறு வாரம், மூன்று மாதம் என்ற கட்டங்களில் சில நாள் திடீரென்று அடிக்கடி பால் கேட்பதும் உண்டு, தானாக அடங்கிவிடும். இரண்டு மாதத்தில் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுவது நோயே இல்லை. நமக்குத்தான் கஷ்டம்!

வயிறு நிறைகிறதா என்பதற்கு நம்பகமான சாட்சிகள் இரண்டு. ஒன்று, 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும். இரண்டாவது, எடை. முதல் மூன்று மாதத்தில் தினம் சுமார் 20 முதல் 30 கிராம் ஏறும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அட்டையை எடுத்துப் பாருங்கள். கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் பால் பற்றவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

பவுடர் பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு ஒரு கணக்கு: ஒரு கிலோ எடைக்கு நாளைக்குச் சுமார் 150 மில்லி. ஐந்து கிலோ குழந்தைக்கு 750 மில்லி. ஏழெட்டு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு நூறு மில்லிக்குப் பக்கம். நீங்கள் இன்னும் 60 மில்லியிலேயே நிற்கிறீர்களா? மாற்ற வேண்டியது டப்பாவை அல்ல, அளவை. குடித்து முடித்த பிறகும் தேடினால் இன்னும் 30 மில்லி கொடுத்துப் பாருங்கள். போதும் என்று முகத்தைத் திருப்பினால் வற்புறுத்தாதீர்கள்.

அடுத்து, யார் கலக்குகிறார்கள், எப்படிக் கலக்குகிறார்கள்? பல வீடுகளில் கோளாறே இங்கேதான். டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் குழந்தைக்கு வயிறு நிறையும், சத்து போகாது. இரண்டு மணிக்கு எழத்தான் செய்யும். 'கெட்டியாக இருந்தால் தூங்கும்' என்று ஒரு கரண்டி பவுடரைக் கூடப் போட்டால் அது இன்னும் மோசம். உப்பும் புரதமும் அதிகமாகி, அந்தப் பிஞ்சுச் சிறுநீரகத்தால் தாங்க முடியாது. தாகம் எடுக்கும். தாகத்துக்கு அழும். நாம் பசி என்று நினைத்து மறுபடியும் அதே கெட்டிப் பாலைக் கொடுப்போம்!

ஆறுமுகநேரிக்காரர்கள் இங்கே கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுற்றிலும் உப்பளம். கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிறது என்றால் அது குழந்தைப் பாலுக்கு ஆகாது. 'கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறேன்' என்பார்கள். கொதித்தால் கிருமி சாகும், உப்பு எங்கே போகும்? தண்ணீர் வற்ற வற்ற உப்பு கூடத்தான் செய்யும். உப்புக் கரிக்காத நல்ல குடிதண்ணீரையே கொதிக்க வைத்துப் பயன்படுத்துங்கள்.

கொதித்த தண்ணீர் அரை மணிக்கு மேல் ஆறுவதற்குள், 70 டிகிரி சூடாவது இருக்கும்போதே, முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர் என்று கலக்குங்கள். டப்பாவுக்குள் இருக்கும் பவுடரிலும் கிருமி இருக்கலாம் என்பதால்தான் இந்தச் சூடு. பிறகு வெதுவெதுப்பாக ஆற வைத்துப் புகட்டுங்கள். பத்து மணிக்கே கலக்கி வைத்து இரண்டு மணிக்குக் கொடுக்கும் வேலை வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்த பாலும், குடித்து மிஞ்சிய பாலும் கீழே போக வேண்டியவை. பாட்டிலைவிடப் பாலாடையோ சங்கோ கழுவவும் கொதிக்க வைக்கவும் சுலபம். முத்துக்குளித்துறைக்காரர்களுக்குச் சங்கின் பெருமையை நான் சொல்ல வேண்டியதில்லை!

தாய்ப்பாலும் பவுடரும் கலந்து கொடுக்கிறீர்களா? உங்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். அந்த இரண்டு மணிப் பசிக்கு முதலில் மார்பில் போடுங்கள். ராத்திரிப் புட்டி கூடக்கூடச் சுரப்பு குறையும். சுரப்பு குறைந்தால் புட்டி இன்னும் கூடும்.

ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்கு மாறலாமா என்றால், ஒன்றாம் நம்பர் பவுடர்கள் எல்லாம் சட்டம் வகுத்த வரம்புக்குள் செய்யப்படுபவை. பசி விஷயத்தில் பெரிய வித்தியாசம் இராது. 1992ல் வந்த சட்டத்தின்படி குழந்தைப் பால் பவுடருக்கு நம் நாட்டில் விளம்பரமே கூடாது. எனவே யாராவது 'இது பசி தாங்கும்' என்று புகழ்ந்து கையில் திணித்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

பவுடரை மாற்றியே ஆக வேண்டிய குழந்தைகளும் உண்டு. மலத்தில் ரத்தம், உடம்பில் தடிப்பு, ஓயாத வாந்தி என்றால் பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்குத் தனிப் பவுடர் இருக்கிறது. குழந்தை டாக்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும். எடை ஏறாமல் நின்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், பச்சை வாந்தி, உச்சிக்குழி அமுங்குதல், எழுப்பினாலும் பால் குடிக்காத அசதி... இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

டாக்டர் சொல்லி டப்பா மாறினால், பழைய டப்பாவின் அளவுக் கரண்டியைத் தூர எறிந்துவிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி கரண்டி அளவு மாறும். புது டப்பாவில் போட்டிருக்கும் அளவை ஒரு தாளில் பெரிதாக எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் யார் கலக்கினாலும், அப்பாவோ ஆச்சியோ, அளவு ஒன்றாக இருக்கும்.