கம்ப்ரஸரா, கிளட்ச்சா?

பெங்களூரில் காருக்கு ஏ.சி. எதற்கு என்று கேட்ட காலம் போய்விட்டது. சென்ற ஏப்ரலில் சில்க் போர்டு நெரிசலில் என் பழைய காரின் ஏ.சி. நின்றது, பின்சீட்டில் 80 வயது அம்மா. காலையில் குளிரும், எஞ்சின் சூடேறினால் நிற்கும். "கம்ப்ரஸரையே மாத்தணும் சார்" என்றார் ஒரு மெக்கானிக். மனம் ஒப்பவில்லை. ஜே.சி. ரோட்டில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். "கம்ப்ரஸர் நல்லாத்தான் இருக்கு. கிளட்ச் பிடிக்கலை" என்றார்.

புல்லி எப்போதும் பெல்ட்டோடு சுற்றும். ஏ.சி. போட்டதும் காயில் காந்தமாகி, முன்தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். அப்போதுதான் கம்ப்ரஸர் ஓடும். இடையே இருக்கவேண்டியது சுமார் அரை மில்லிமீட்டர். தேயத் தேய இடைவெளி கூடும். காயில் சூடானால் மின்தடை ஏறிக் காந்தமும் தளரும், தட்டு ஒட்டாது.

ஏ.சி. நின்ற நேரத்தில் காயிலுக்கு 12 வோல்ட் வருகிறதா என்று முதலில் பார்த்தார். கேஸ் குறைந்திருந்தால் பிரஷர் ஸ்விட்ச்சே மின்சாரத்தை நிறுத்திவிடுமாம். மின்சாரம் வந்தது. எஞ்சினை நிறுத்தி ஃபீலர் கேஜால் அளந்தார்: ஒரு மில்லிமீட்டர்! தட்டைக் கழற்றி, உள்ளிருந்த மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினார். கேஸைத் தொடவே இல்லை.

பேரிங் இரைந்தாலோ காயில் கருகியிருந்தாலோ இந்த வைத்தியம் பலிக்காது. ஆனாலும் அன்பர்களே, கம்ப்ரஸருக்குப் பணம் எடுக்குமுன் அந்த இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள்.