எந்த வேலியில் பறித்த இலை?

உடுவில் பக்கம் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை என்றால், அவர் ஆஸ்பத்திரியால் வருமுன்பே மருந்தெண்ணெய்ப் போத்தல் வீட்டுக்கு வந்துவிடும். தையல் வெட்டும்வரை பொறுக்க யாருக்கும் மனமில்லை. அப்பு, ஆச்சி காலத்திலேயே பூசி மாறின மருந்து என்பார்கள். மாறியிருக்கலாம். ஆனால் முழங்காலில் உரஞ்சின காயமும், வயிற்றைக் கீறித் தைத்த காயமும் ஒன்றல்ல.

அமெரிக்காவில் வயிற்றுச் சத்திரசிகிச்சைக் காயம் தையல் விட்டுத் திறந்துகொண்ட பெண்களிடம் கற்றாழைக் கூழைப் பரிசோதித்தார்கள். முடிவு 1991இல் வெளிவந்தது. வழமையான சிகிச்சையில் ஆறச் சராசரி 53 நாள். கற்றாழை பூசியவர்களுக்கு 83 நாள்! சிறிய ஆய்வுதான், ஆனாலும் அந்த முப்பது நாள் என்னை உறுத்துகிறது. மூலிகை தோற்றுத்தான் போகும் என்றும் இல்லை. கள்ளிப்பால், நாயுருவிச் சாம்பல், மஞ்சள் ஏற்றிய காரநூலை இந்தியாவில் பவுத்திரத்துக்குச் சோதித்தபோது, ஆற எட்டு வாரம் எடுத்தது; கத்திக்கு நான்குதான். ஆனால் நோய் திரும்பியது 4 வீதத்தினருக்கே, கத்தி வைத்தவர்களில் 11 வீதத்தினருக்கு.

எங்கள் வீடுகளில் புழங்குவது மத்தன் தைலம். ஊமத்தையிலைச் சாறும் துருசும் தேங்காயெண்ணெயும். சாறு வற்றி, அடிவண்டலை விரலிடையில் உருட்டினால் மெழுகுபோலத் திரளவேண்டும். கொஞ்சம் முந்தினால் ஈரம் நின்று எண்ணெய் கெட்டுப்போகும். துருசு செப்புச் சல்பேற்று. அளவோடு நின்றால் கிருமியைக் கொல்லும், மிஞ்சினால் புதிதாய் வளரும் சதையையும் அரிக்கும்.

பதமும் அளவும் பார்க்க ஆளுண்டு. இலையை எங்கே பறித்தார்கள் என்று கேட்கத்தான் ஆளில்லை. சுன்னாகம், மருதனார்மடம், உடுவில் எங்கும் செம்மண் தோட்டம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடிக்கிற பூச்சிமருந்து காற்றோடு வேலியோர ஊமத்தையிலும் படிகிறது. மருந்தடித்தால் இத்தனை நாள் கழித்தே பிடுங்கலாம் என்று வெங்காயத்துக்கு விதியுண்டு. ஊமத்தைக்கு எந்த விதியும் இல்லை. அதைத்தான் யாரும் தின்பதில்லையே! ஆனால் திறந்த புண் வாயைவிட மோசமான வாசல். எண்ணெயில் கரையும் நஞ்சுகள் காய்ச்சும்போது இலையை விட்டு எண்ணெய்க்கே வந்துவிடக்கூடும்.

புண்ணில் வைக்கும் மஞ்சளும் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 2020இல் இறக்குமதி நின்று விலை ஏறியபோது மாக்கலந்த தூள் கடைக்கு வந்ததை மறந்துவிட்டோமா? மானிப்பாய் அச்சகம் 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலைத் தந்த மண் இது. கைதடியில் சித்த மருத்துவம் பல்கலைக்கழகப் பாடமாகவே இருக்கிறது. ஆய்வு, ஆய்வுகூடத்துக்குள் போகுமுன் வேலிக்கு வரட்டும். மருந்தடிக்காத பாத்தி, பறித்த திகதி, எச்சப் பரிசோதனை, கிருமிநீக்கம் எல்லாம் முடிந்த பிறகே தையலுக்குக் கிட்டப் போகலாம்.

அதுவரை, தையலிலோ சீனி வருத்தக்காரரின் காற்புண்ணிலோ பூசிய எண்ணெயை மறைக்காதீர்கள். போத்தலையும் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். சிவந்திருப்பது கிருமியாலா, எண்ணெயாலா என்று டொக்டர் பிரித்தறிய அது உதவும்.